பெயர் நிலைக்காத வண்ணத்துப்பூச்சி

வானொலியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டால், அடுத்த நொடியே அது ஆயிரம் காதுகளுக்குப் போய்விட்டிருக்கும். எழுத்தென்றால் அடித்துத் திருத்தலாம், காற்றில் போனதை என்ன செய்வது?

ஒரு திங்கட்கிழமை காலை நிகழ்ச்சியில் எனக்கு அதுதான் நேர்ந்தது. முந்தைய நாள் மாலை ஃபேரர் பார்க் புல்வெளி ஓரமாக நடந்தபோது ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பார்த்திருந்தேன். செம்பழுப்பு இறகு, ஆங்காங்கே கறுப்புப் புள்ளிகள், பின்னிறகின் விளிம்பில் கறுப்புக் கரை, அந்தக் கரைக்குள் வெள்ளைப் பொட்டுகள். அவசரமே இல்லாமல், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் மிதந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே பெயர் ‘வெந்தய வரியன்’. எருக்கஞ்செடியில் வளருமே, அது. அதையே நேயர்களிடம் நம்பிக்கையோடு சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டேன்.

பாட்டு முடிவதற்குள் தொலைபேசி ஒலித்தது.

“தங்கச்சி, நீங்க பார்த்தது வெந்தய வரியன் இல்லம்மா. வெந்தய வரியனுக்கு முன்னிறகு நுனி கறுப்பா, குறுக்கே வெள்ளைப் பட்டையோட இருக்கும். நீங்க சொல்ற அடையாளம் டானி கோஸ்டருக்கு உரியது. நம்ம ஊர்ப் பூச்சி. 2006க்கு முன்னாடி அது சிங்கப்பூர்லயே கிடையாது.”

பேசியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வார இறுதிகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு புலாவ் உபின், டெய்ரி ஃபார்ம், பழைய ரயில் பாதை என்று சுற்றுபவர். நன்றி சொல்லிவிட்டு, “அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது சார்?” என்று கேட்டேன். சிரித்தார். “அதுக்குப் போன் பத்தாது. தேக்காவுல ஒரு டீ வாங்கிக் கொடுங்க, சொல்றேன்.”

ஒரு டீ மூன்று டீயானது. அன்று தொடங்கிய கதைதான் இது.

நடமாடும் தேவதையா, வயலட்டின் பிள்ளையா?

டானி கோஸ்டரின் சொந்த நாடு இந்தியாவும் இலங்கையும். தமிழ்நாட்டில் வயல் வரப்பு, ரயில் பாதை ஓரம், காலி மனை என்று எங்கும் பார்க்கலாம். சாருக்கும் சிறு வயதில் தஞ்சாவூரில் மாமா வீட்டுக் கொல்லையில் துரத்திப் பிடித்த நினைவு இருக்கிறது. பிடித்தால் செத்ததுபோல் கிடக்குமாம். இறகின் அடியிலிருந்து மஞ்சளாக ஒரு நாற்றத் திரவம் கசியுமாம். ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை பக்கத்தில் வராது. அது அவசரமில்லாமல் மிதப்பதன் ரகசியம் அதுதான். தின்னப்படுவோம் என்ற பயம் இருப்பவர்தானே ஓட வேண்டும்?

இந்தப் பூச்சிக்கு அறிவியல் வைத்த பெயர்கள் இரண்டு. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், 1758ல் ‘டெர்ப்சிகோரே’ என்றார். கிரேக்கப் புராணத்தில் நடனக் கலைக்கான தேவதையின் பெயர் அது. பின்னர் அவருடைய மாணவர் ஃபப்ரீசியஸ், ‘வயலே’ என்று பெயரிட்டார். வயலட் செடிக்குரியது என்று பொருள்.

நெடுங்காலம் புத்தகங்களில் இருந்தது வயலே. ஆனால் விலங்குகளுக்குப் பெயரிடுவதில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒரே உயிருக்கு இரண்டு பெயர் இருந்தால், முதலில் வைத்த பெயருக்கே முதல் உரிமை. லின்னேயஸ் விவரித்ததும் இதே பூச்சிதான் என்று ஏற்றுக்கொண்டவர்கள் டெர்ப்சிகோரேவுக்குத் திரும்பினார்கள். இன்று ஒரு கையேட்டில் வயலே, இன்னொன்றில் டெர்ப்சிகோரே. இரண்டும் ஒரே பூச்சி என்று தெரியாதவர், இரண்டு பூச்சிகளைத் தேடி அலைவார்.

“சட்டப்படி நடன தேவதைக்குத்தான் வெற்றி,” என்றார் சார். “ஆனா விஷயம் தெரிஞ்ச பேரு வயலேதான். ஏன்னு தெரியணும்னா, வாங்க.”

நாட்டு மருந்துக் கடையில்

சிராங்கூன் சாலையில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குக் கூட்டிப்போனார். உள்ளே நுழைந்ததும் சுக்கும் திப்பிலியும் கலந்த வாசனை. “ஓரிதழ்தாமரைப் பொடி இருக்காண்ணே?” என்று கேட்டார். கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், பின்னால் இருந்த அலமாரியிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்து வைத்தார்.

ஓரிதழ்தாமரை என்ற பெயரைக் கேட்டுக் குளத்தில் தேடக்கூடாது. தரிசு நிலத்தில் ஒரு சாண் உயரம் வளரும் சிறு செடி. பூவில் ஒரே ஒரு இதழ் மட்டும் பெரிதாக, இளஞ்சிவப்பாக விரிந்து நிற்கும். சித்த மருத்துவத்தில் உடல் வலுவுக்குத் தருவது. ஊரில் டானி கோஸ்டர் முட்டையிடும் செடிகளில் இதுவும் ஒன்று. இது வயலட் குடும்பத்துச் செடி. லின்னேயஸ் 1753ல் இதற்கு வைத்த பெயரே வயலா என்றுதான் தொடங்கும். பிறகு அது அயோனிடியம் ஆனது, அப்புறம் ஹைபாந்தஸ் ஆனது. அதுவும் நிலைக்கவில்லை, அண்மையில் மறுபடி மாற்றிப் பார்க்கிறார்கள்.

பூச்சிக்கும் பெயர் நிலைக்கவில்லை, அது தின்னும் செடிக்கும் நிலைக்கவில்லை. கடைக்காரர் மட்டும், தன் அப்பா சொன்ன பெயரையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெயரைச் சொன்னால் சரியான செடி கைக்கு வருகிறது.

சிங்கப்பூரில் ஓரிதழ்தாமரை அதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் புதரோரங்களில் படரும் சிறுபூனைக்காலி கிடைக்கிறது. சல்லடை வலைக்குள் உட்கார்ந்ததுபோல் காய்க்குமே, அந்தக் கொடி. அது பேஷன் ஃப்ரூட் குடும்பம். இங்கே டானி கோஸ்டர் புழுக்கள் அதைத் தின்று வளர்கின்றன.

சொக்கட்டான் புள்ளிகள்

இப்போது குடும்பக் கதைக்கு வருகிறேன். ஐரோப்பாவில் ‘ஃபிரிட்டில்லரி’ என்றொரு வண்ணத்துப்பூச்சிக் கூட்டம் உண்டு. ஆரஞ்சு இறகில் கட்டம் கட்டமாகக் கறுப்புப் புள்ளிகள். தாயக்கட்டையைக் குலுக்கும் குவளைக்கு லத்தீனில் ஃபிரிட்டில்லஸ் என்று பெயர். அதிலிருந்து வந்த சொல்தான் இது. அவற்றில் பலவற்றின் புழுக்கள் தின்பது வயலட் செடி.

டானி கோஸ்டரையும் அதன் ஆப்பிரிக்க உறவினர்களையும் பழைய நூல்கள் இந்தக் கூட்டத்தோடு சேர்க்கவில்லை. ‘அக்ரேயிடே’ என்று தனிக் குடும்பமாகவே வைத்திருந்தன. பிறகு அதைப் பெரிய குடும்பம் ஒன்றின் துணைக்குடும்பமாக இறக்கினார்கள். அப்புறம் இன்னும் ஒரு படி இறக்கி, ஃபிரிட்டில்லரிகள் இருக்கும் அதே வீட்டில் ஓர் அறை கொடுத்தார்கள். அந்த வீட்டுக்கு ஹெலிகோனியினே என்று பெயர். தமிழ்நாடு அரசு 2019ல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த ‘தமிழ் மறவன்’ இருப்பதும் அதே வீட்டில்தான்.

இந்த வீட்டுக்காரர்களைச் சேர்த்துக் கட்டும் கயிறுகளில் ஒன்று சாப்பாடு. வயலட், பேஷன் ஃப்ரூட், சொத்தைக்களா என்று வெவ்வேறாகத் தெரிந்த செடிகளெல்லாம் தாவரவியலில் நெருங்கிய சொந்தங்கள் என்று இப்போது தெளிவாகியிருக்கிறது. அவற்றில் பலவற்றில் சயனைடு விஷத்தை வெளியிடும் வேதிப்பொருள்கள் உள்ளன. மற்றப் புழுக்கள் ஒதுங்கிப்போகும் இலையை இந்தப் புழுக்கள் தின்கின்றன. அப்படியென்றால் வயலே என்று பெயர் வைத்தவர், தெரிந்தோ தெரியாமலோ உறவுக்கான துப்பைப் பெயரிலேயே விட்டுச்சென்றிருக்கிறார்.

அத்தோடு முடிந்ததா? இல்லை. 2008ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, ‘அக்ரேயா’ என்ற பெரிய பேரினமே ஒரு முழுக் குடும்பம் இல்லை என்று காட்டியது. தென்னமெரிக்காவில் வேறு பெயரில் இருக்கும் சில பூச்சிகள், சில ஆப்பிரிக்க அக்ரேயாக்களுக்கு மற்ற அக்ரேயாக்களைவிட நெருங்கிய உறவாம். ஒன்று, அவர்களையும் உள்ளே சேர்க்க வேண்டும். அல்லது வீட்டைப் பாகம் பிரிக்க வேண்டும். பாகம் பிரிப்பவர்கள் நம் டானி கோஸ்டரை ‘டெல்கினியா’ என்கிறார்கள். பிரிக்க மனமில்லாதவர்கள் அக்ரேயா என்றே எழுதுகிறார்கள்.

“இவ்வளவு குழப்பம் தேவையா சார்? பூச்சிக்குத் தெரியுமா தன் பேரு?” என்று கேட்டேன்.

சார் டீயை வைத்துவிட்டு, கைப்பேசியில் இன்னொரு படத்தைக் காட்டினார். மலைப்புல்லில் இறகு விரித்து உட்கார்ந்திருந்த ஓர் ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சி. “கொடைக்கானல் போனப்ப எடுத்தது. இவங்க விஷயத்துல குழப்பம் உயிர்ப் பிரச்சினை.”

பழனி மலையில் ஒரு வழக்கு

படத்தில் இருந்தது பழனி ஃபிரிட்டில்லரி. உண்மையான ஃபிரிட்டில்லரி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்ஸ் நாட்டு ஷார்ல் ஒபர்தூர், இதற்கு ‘காஸ்டெட்ஸி’ என்று பெயரிட்டார். திருச்சியில் இருந்த பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் காஸ்டெட்ஸின் நினைவாக வைத்த பெயர். நீலகிரியில் இருக்கும் வகைக்கு, பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி எவன்ஸ் 1912ல் ‘ஹைப்ரிடா’ என்று பெயர் தந்தார். பெயரிலேயே கலப்பு என்ற பொருள் இருக்கிறது. இரண்டு மலைகளுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய். குளிர்ந்த உச்சிகளில் வாழும் பூச்சிக்குச் சூடான அந்தத் தாழ்நிலம் ஒரு கடல் மாதிரி.

இமயமலையிலிருந்து சீனா, ஜப்பான் வரை பரவியிருக்கும் ‘ஹைப்பர்பியஸ்’ என்ற இந்திய ஃபிரிட்டில்லரி இவற்றின் நெருங்கிய சொந்தம். அதன் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருக்காது. பெண்ணின் முன்னிறகு நுனி கறுத்து, குறுக்கே வெள்ளைப் பட்டை ஓடும். எங்கோ கேட்ட அடையாளமாக இருக்கிறதா? ஆம், வெந்தய வரியனின் வேடம். எருக்கு இலையைத் தின்று வளர்ந்த வெந்தய வரியன் பறவைகளுக்குக் கசக்கும். அதன் சட்டையைப் போட்டுக்கொண்டால் கசக்காத பூச்சியும் தப்பிக்கலாம். நானாவது வானொலியில்தான் ஏமாந்தேன், பறவைகள் பசியோடு இருக்கும்போதே ஏமாறுகின்றன.

பழனி மலைப் பெண்ணோ அந்த வேடத்தைப் போடுவதில்லை. அது தன் ஆணைப் போலவே இருக்கிறது. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதுதான் வழக்கு. ஒரு தரப்பு, இது ஹைப்பர்பியஸின் மலைக் கிளை, ஒரு துணையினம் என்று எழுதுகிறது. இன்னொரு தரப்பு, இது மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத தனி இனம் என்று எழுதுகிறது. இரண்டும் சேர்ந்து பிள்ளை பெறுமா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்றால், இரண்டும் இயற்கையில் சந்திப்பதே இல்லை. நடுவே கிடப்பது ஏறக்குறைய முழு இந்தியா.

வாலஸ் பட்ட அதே தலைவலி

இந்தத் தலைவலி சிங்கப்பூருக்குப் புதிதில்லை. 1854ல் இங்கு வந்திறங்கிய ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரின் இல்லத்தில் தங்கிப் பூச்சி சேகரித்தார். மலாய்த் தீவுகளில் எட்டு ஆண்டுகள் சுற்றித் திரும்பியவர், 1864ல் லண்டனில் ஒரு கட்டுரை வாசித்தார். இந்த வட்டாரத்து அழகிகளான பெரிய வண்ணத்துப்பூச்சிகளை வைத்து, எது வெறும் வேறுபாடு, எது வட்டார வடிவம், எது துணையினம், எது இனம் என்று வரிசை போட்டுப் பார்த்த கட்டுரை அது.

நம் பூங்காக்களில் இன்றும் பறக்கும் கிரேட் மார்மன் அதில் ஒரு முக்கிய சாட்சி. அதன் பெண்கள் பல உருவங்களில் வரும். ஒன்றுக்கு வால் இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. பார்த்தால் வெவ்வேறு இனம் என்றுதான் எவரும் சொல்வார்கள். எல்லாம் ஒரே இனத்துப் பெண்கள் என்று வாலஸ் விளக்கினார். தோற்றத்தை மட்டும் நம்பினால் ஒன்றை மூன்றாக்கிவிடுவோம். தோற்றத்தை நம்பவே மாட்டேன் என்றால் மூன்றை ஒன்றாக்கிவிடுவோம். 160 ஆண்டுகள் கழித்தும் மரபணுவைக் கையில் வைத்துக்கொண்டு அதே கோட்டைத்தான் எங்கே போடுவது என்று தேடுகிறார்கள்.

ஜப்பானில் கூட்டம், ஆஸ்திரேலியாவில் வெறுமை

“சரி சார், தனி இனம்னு சொன்னா என்ன, துணையினம்னு சொன்னா என்ன?”

“எண்ணிப் பாருங்க. பழனி மலைப் பூச்சி ஹைப்பர்பியஸ்தான்னு வச்சுக்கிட்டா, கவலையே வேண்டாம். ஜப்பான்ல வீட்டுத் தோட்டத்துப் பான்சிப் பூவைத் தின்னு அது வடக்கே வடக்கே பரவிக்கிட்டிருக்கு. ஆனா தனி இனம்னா, உலகத்துல இருக்குற மொத்தமும் அந்த மலையுச்சிப் புல்வெளியிலதான்.”

அந்தப் புல்வெளிகளின் நிலைமை ஊட்டி, கொடைக்கானல் போனவர்களுக்குத் தெரியும். சோலைக் காடுகளுக்கு இடையே விரிந்திருந்த புல்லை ‘வெற்று நிலம்’ என்று நினைத்து, வெள்ளைக்காரர் காலத்திலும் பிறகும் சீகை, யூகலிப்டஸ், பைன் மரங்களை நட்டார்கள். இப்போது நடாத இடத்திலும் சீகை தானாகவே பரவுகிறது. மரம் அடைந்த இடத்தில் புல் போகிறது. புல்லோடு, புல்லுக்கிடையே ஒளிந்து வளரும் சின்ன வயலட் செடியும் போகிறது. மலையில் இன்னும் மேலே ஏறலாம் என்றால், உச்சிக்கு மேலே ஏது இடம்?

‘சொந்தம் எங்கோ நிறைய இருக்கிறது’ என்ற ஆறுதல் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஆஸ்திரேலியா உதாரணம். அங்கும் ஹைப்பர்பியஸின் ஒரு துணையினம் உண்டு, கிழக்குக் கரையின் சதுப்பு நிலங்களில். அதுவும் வயலட்டை நம்பி வாழ்ந்ததுதான். சதுப்புகள் பண்ணைகளாகவும் வீடுகளாகவும் மாறின. அதை உறுதியாகக் கடைசியாகப் பார்த்தது 2001ல். இருக்கிறதா, இல்லையா என்று இன்னும் தேடுகிறார்கள். ஜப்பானியத் தோட்டங்களில் எத்தனை பறந்தாலும் அந்தச் சதுப்பின் வெறுமை நிரம்பப் போவதில்லை.

அதே ஆஸ்திரேலியாவில், 2012 ஏப்ரலில், டார்வின் நகருக்கு அருகே ஒரு புது விருந்தாளியைக் கண்டார்கள். யார் தெரியுமா? நம் டானி கோஸ்டர். 1980களில் தாய்லாந்து, பிறகு மலேசியா, 2006ல் சிங்கப்பூர், அப்புறம் இந்தோனீசியத் தீவுகள் என்று இறங்கி, கடலையும் தாண்டிப் போயிருக்கிறது. காடு அழிந்து வெட்டவெளியான இடமெல்லாம் அதற்கு வழிவிட்டிருக்கிறது.

இங்கே வந்ததை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்பதிலும் கேள்வி இருக்கிறது. யாரும் பெட்டியில் அடைத்துக் கொண்டுவரவில்லை. தானாக வந்தது, இங்கேயே முட்டையிட்டது, இப்போது பிறப்பதெல்லாம் இந்த மண்ணில் பிறப்பவைதான். சார் தொலைபேசியில் “நம்ம ஊர்ப் பூச்சி” என்று சொன்னபோது எந்த ஊரைச் சொன்னார் என்று கேட்டேன். தஞ்சாவூரா, தோ பாயோவா? “ரெண்டும்தான். எனக்கு மட்டும் என்ன ஒரு ஊரா?” என்று சொல்லிவிட்டு, மூன்றாவது டீக்குக் கை காட்டினார்.

ஒரு திருத்தம்

அடுத்த திங்கட்கிழமை, நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே தவறைத் திருத்தினேன். ‘போன வாரம் வெந்தய வரியன் என்று சொன்னது டானி கோஸ்டர்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். பழனி மலையையும் சேர்த்துச் சொன்னேன். ஒரு பாட்டுக்கான நேரம் போனது. தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டினார்.

ஃபேரர் பார்க் திடல் பகுதிக்கான வீடமைப்புத் திட்டம் 2021லேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. நான் பார்த்த புல்வெளி ஓரம் எப்போதும் அப்படியே இருக்கப் போவதில்லை. டானி கோஸ்டருக்காக நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. வேலியோரம் ஒரு பூனைக்காலிக் கொடி இருந்தால் போதும், இடம் மாறிக்கொள்ளும். கடலைத் தாண்டிய பூச்சிக்கு ரேஸ் கோர்ஸ் ரோட்டைத் தாண்டத் தெரியாதா?

பழனி மலைக்காரிக்கு அந்த வசதி இல்லை. அவள் இனமா, துணையினமா என்று புத்தகங்கள் முடிவு செய்யும்வரை அந்தப் புல்லாவது இருக்க வேண்டும். டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கொடைக்கானலுக்கும் போகலாம் என்று இருக்கிறேன். பழனி ஃபிரிட்டில்லரியின் ஆண், பெண் படங்களைச் சார் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறார். கூடவே குரல் பதிவில் ஓர் எச்சரிக்கை: “இந்தத் தடவை நல்லா உத்துப் பார்த்துட்டு வானொலியில சொல்லுங்க தங்கச்சி.”